வெளியேறும் வழியைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

இருபரிமாண விளையாட்டு ஒன்றைச் செய்துபார்க்க ஆசைப்படும் மாணவர் முதலில் கேட்பது, எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்பதைத்தான். பதில்களுக்குப் பஞ்சமில்லை. கோடோ, யூனிட்டி, கேம்மேக்கர், ஜிடெவலப், லவ் என்று விளையாட்டு எஞ்சின்கள் ஒரு பக்கம். கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், சின்ஃபிக், பென்சில்2டி, பிளெண்டர் என்று வரையவும் அசைவூட்டவும் உதவும் கருவிகள் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் காசு கொடுக்காமலே தொடங்கலாம். விலையில் வேறுபாடு இல்லாததால் ஒப்பீடுகள் எல்லாம் வசதிகளின் பட்டியலாகவே முடிந்துவிடுகின்றன: இதில் டைல்மேப் நன்றாக இருக்கிறது, அதில் ஆனியன் ஸ்கின் இல்லை, இன்னொன்றில் நிரல் எழுதவே வேண்டாம். இந்தப் பட்டியல்களில் பொய் இல்லை. ஆனால் அடுத்த பதிப்பு வந்ததும் காலாவதியாகிவிடும். அவ்வளவு சீக்கிரம் காலாவதியாகாத கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கருவி நாளைக்கு இல்லாமல் போனாலோ, அதன் விதிகள் மாறினாலோ, இதுவரை செய்த வேலையில் எவ்வளவு நம்மோடு வரும்? ஓவியம் வரும். நிரலும் காட்சியமைப்பும் அநேகமாக வராது. அதனால் எந்த வேலை கருவியோடு ஒட்டிக்கொள்கிறதோ அந்த வேலைக்கான கருவியில் கறாராக இருக்க வேண்டும். எந்த வேலை சுலபமாகப் பிரிந்துவருகிறதோ அங்கே கைக்கு வாகானதை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

கறார் எதற்கு என்பதை 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி நிறுவனம் உலகத்துக்கே விளக்கிக் காட்டியது. விளையாட்டை ஒருவர் தன் கருவியில் நிறுவும்போதெல்லாம் அதை உருவாக்கியவர் கட்டணம் செலுத்த வேண்டும், 2024 ஜனவரி முதல் இது நடைமுறைக்கு வரும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. கட்டணம் ஒரு நிறுவலுக்கு 20 அமெரிக்க சென்ட் வரை. இலவசப் பதிப்பைப் பயன்படுத்துவோருக்கு, ஓராண்டில் 2 லட்சம் டாலர் வருமானம், மொத்தம் 2 லட்சம் நிறுவல் ஆகிய இரண்டு எல்லைகளையும் தாண்டிய பிறகே கட்டணம் தொடங்கும். சங்கடம் தொகையில் மட்டும் இல்லை. ஏற்கெனவே வெளியாகி விற்பனையில் இருந்த விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும் என்றார்கள். எந்தப் பதிப்பில் வேலை செய்கிறீர்களோ அந்தப் பதிப்பின் விதிகளுக்குள்ளேயே நீங்கள் தொடரலாம் என்று 2019-இல் அதே நிறுவனம் வாக்குக் கொடுத்திருந்தது; விதிகளின் பழைய வடிவங்களை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கிட்ஹப்பில் வைத்தும் இருந்தது. கட்டண அறிவிப்பு வந்தபோது அந்தக் கிட்ஹப் பக்கம் அங்கே இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. பத்து நாளில் திருத்தம் வந்தது, அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி ஜான் ரிச்சிட்டெல்லோ விலகினார், அறிவிப்பு வந்து சரியாக ஓராண்டு கழித்து 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணமே ரத்தானது.

ரத்தாகிவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். மேலும் அழுத்தமான ஆட்சேபம் ஒன்றும் உண்டு: ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் சம்பாதிக்கும் நாள் வந்தால் கட்டணம் கட்டிவிட்டுப் போகலாமே, முதல் விளையாட்டை இன்னும் தொடங்காதவருக்கு இது எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எல்லையை வகுத்ததும் நிறுவனம்தான், நாளைக்கு அதை நகர்த்தப்போவதும் நிறுவனம்தான். குத்தகை நிலத்தில் கத்தரி போடலாம். தென்னை வைப்பவர் ஒப்பந்தத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். விளையாட்டு எஞ்சின் தென்னை ரகம். அதில் ஓராண்டு எழுதிய நிரல், அந்த எஞ்சினின் காட்சி அமைப்பு, மோதல் விதிகள், மெனுக்கள் எல்லாம் அதன் இயல்புக்கேற்ப வளைந்து வளர்ந்தவை. பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது. மெகா கிரிட் என்ற சிறு நிறுவனத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ‘ஸ்லே தி ஸ்பயர்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்தை ஈராண்டுக்கு மேலாக யூனிட்டியில் செய்துவந்த அவர்கள், கட்டணத்தைத் திரும்பப் பெறாவிட்டால் வேறு எஞ்சினுக்குப் போவோம் என்று எச்சரித்தார்கள். பிறகு கோடோவுக்கு மாறவும் செய்தார்கள். முதல் பாகத்தின் வெற்றி தந்த பணமும் தெம்பும் இருந்ததால் அவர்களால் அது முடிந்தது. பகுதிநேரமாக, மின்சாரமும் விடுமுறையும் பார்த்து வேலை செய்யும் ஒருவரால் முடியாது.

இதற்கு முன்னாலும் இது நடந்திருக்கிறது. இணையத்தில் கார்ட்டூனும் சின்ன விளையாட்டுகளும் செழித்ததற்குக் காரணமான ஃபிளாஷ், 1990-களின் நடுவில் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் பிறந்து, மேக்ரோமீடியா கைக்குப் போய், 2005-இல் அடோபி வசம் வந்தது. ஐபோனில் அதற்கு இடமில்லை என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதினார். 2017-இல் அடோபி முடிவுரை எழுதியது; 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது; 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டவே அந்த மென்பொருள் மறுத்தது. அதில் விளையாட்டு செய்தவர்களின் படங்களை வெளியே எடுத்து வேறிடத்தில் பயன்படுத்த முடிந்தது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் எழுதிய விளையாட்டின் போக்கு அப்படி வரவில்லை. இன்று அந்தப் பழைய விளையாட்டுகளில் பலவற்றை ஓட்டிப் பார்க்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் ரஃபிள் என்ற திறந்த மூல மென்பொருளும், ஃபிளாஷ்பாயிண்ட் என்ற ஆவணக் காப்பகத்தைத் தொகுத்த தன்னார்வலர்களும்தான். உரிமையாளர் கைவிட்டதை ரசிகர்கள் தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது.

எக்ஸ்என்ஏ கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்த அந்தக் கருவித்தொகுப்பில்தான் ‘டெராரியா’, ‘ஸ்டார்டியூ வேலி’ போன்ற இருபரிமாண விளையாட்டுகள் எழுதப்பட்டன. 2013-இல் இனி அதில் வளர்ச்சிப் பணி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. ஃபிளாஷ் போலவே இதுவும் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. மோனோகேம், எஃப்என்ஏ என்ற இரண்டு திறந்த மூலத் திட்டங்கள் எக்ஸ்என்ஏ கட்டளைகளை அப்படியே ஏற்று ஓட்டும் மாற்று ஏற்பாட்டை உருவாக்கின. ஸ்டார்டியூ வேலி 2021-இல் மோனோகேமுக்கு மாறியது. பழைய நிரலின் பெரும்பகுதி உயிரோடு தப்பியது. டெராரியாவைச் செய்த ரீலாஜிக் நிறுவனம், யூனிட்டி குழப்பம் வெடித்த அதே மாதம் கோடோவுக்கும் எஃப்என்ஏவுக்கும் தலா 1 லட்சம் டாலர் நன்கொடை அளித்தது. மாதந்தோறும் தலா ஆயிரம் டாலரும் தருவதாகச் சொன்னது. தருமம் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது காப்பீட்டுத் தவணையாகவே தெரிகிறது.

கோடோ எங்கிருந்து வந்தது? அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இருவர் தங்கள் தொழிலுக்காக எழுதிவைத்திருந்த எஞ்சினை 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்துவிட்டார்கள். அந்த உரிமம் அரைப் பக்கம்தான்: எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், இந்த அறிவிப்பை மட்டும் நீக்காதே. கையில் இருக்கும் பிரதிக்கு அளித்த அனுமதியை யாரும் திரும்பப் பெற முடியாது. இருபரிமாண வேலைக்கு இது பொருந்திப்போவதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. யூனிட்டி இருபரிமாணத்தை முப்பரிமாண வெளியில் ஒரு தட்டையாக வைத்துச் செய்கிறது. கோடோவில் இருபரிமாணத்துக்குத் தனி எஞ்சினே இருக்கிறது, அளவெல்லாம் பிக்சல் கணக்கு. பதிவிறக்கம் சில நூறு எம்.பிக்குள் அடங்கிவிடும், நிறுவ வேண்டிய அவசியம்கூட இல்லை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத சாதாரண மடிக்கணினிக்கென்றே பழைய ஓப்பன்ஜிஎல் வழியில் ஓடும் அமைப்பும் உள்ளே இருக்கிறது. ‘புரோட்டாட்டோ’, ‘டோம் கீப்பர்’ போன்ற விற்பனையில் வென்ற விளையாட்டுகள் இதில் செய்யப்பட்டவை என்பதால், இது மாணவர்களுக்கான பொம்மை என்ற பழைய ஏளனமும் இனி எடுபடாது.

திறந்த மூலம் என்றால் பிரச்சினையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 மார்ச்சில் கோடோ 4 வந்தபோது, மூன்றாம் பதிப்பில் எழுதியவற்றைப் புதியதற்குக் கொண்டுபோகப் பலர் வாரக்கணக்கில் திணறினார்கள். கட்டளைகளின் பெயர்கள் மாறின, டைல்மேப் அமைப்பு மாறியது, ஷேடர்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. யூனிட்டிக்காரர் விதியை மாற்றினார், கோடோக்காரர் நிரலை மாற்றினார், அவதிப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால் பதில் இது: கோடோ 3-லேயே இருப்பேன் என்று முடிவெடுத்தவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை. அதற்கான திருத்தப் பதிப்புகளும் தொடர்ந்து வந்தன. 2024 இலையுதிர் காலத்தில் சமூக ஊடகச் சண்டை ஒன்றை ஒட்டி ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு ரெடாட் என்ற பெயரில் தனிக் கிளையைத் தொடங்கியது. சண்டை எப்படிப் போனாலும், விளையாட்டு செய்துகொண்டிருந்தவர் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுவது சாத்தியமாக இருக்கும் இடத்தில், உள்ளே இருப்பவர்களும் கொஞ்சம் நிதானமாக நடந்துகொள்வார்கள்.

தமிழில் விளையாட்டு செய்ய நினைப்பவருக்கு எஞ்சின் தேர்வில் இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது, பொது ஒப்பீடுகள் அதைத் தொடுவதே இல்லை. யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்து, முதலில் ககரம், பின்னால் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரற்பகுதி எஞ்சினுக்குள் இல்லாவிட்டால், கதாபாத்திரம் பேசும் வசனம் கொம்பும் காலும் கலைந்துபோன குப்பையாகத்தான் திரையில் விழும். கோடோ 3-இல் இந்த வசதி இல்லை. கோடோ 4-இல் எழுத்துருவாக்கப் பகுதியையே புதிதாக எழுதி, ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகத்தை உள்ளே இணைத்தார்கள். அரபியோடு இந்தியாவின் எழுத்துகளும் ஒரே வீச்சில் சரியாயின. தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்தால் போதும், கூகுளின் நோட்டோ வரிசையில் திறந்த உரிமத்தோடு கிடைக்கிறது. யூனிட்டியில் எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோவோ தமிழை இப்படிச் சேர்த்துக் காட்டுவதில்லை; எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டுவது, குறிகளை முன்கூட்டியே இடம்மாற்றி வைப்பது என்று சுற்றுவழிகளில் போனவர்கள் நிறைய. சந்தை சின்னது என்பதால் ஒரு வணிக நிறுவனத்தின் பட்டியலில் தமிழ் கடைசியில் நிற்பது இயல்பு. திறந்த மூலத்தில் அரபிக்காக எழுதியது தமிழுக்கும் சேர்த்துப் பலன் தருகிறது, தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

எஞ்சினில் இவ்வளவு கறார் காட்டச் சொன்ன நான், வரையும் கருவி விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். காரணம் எளிது: வரைந்த படம் பிஎன்ஜி கோப்பாக வெளியே வந்துவிட்டால் அது எதில் வரையப்பட்டது என்று எந்த எஞ்சினும் கேட்பதில்லை. பிக்சல் ஓவியத்துக்குப் பலரும் விரும்பும் ஏஸ்பிரைட் முதலில் ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் இருந்தது. 2016-இல் அதன் ஆசிரியர் உரிமத்தை மாற்றினார். மூல நிரலைப் பார்க்கலாம், தானே தொகுத்துப் பயன்படுத்தலாம், பிறருக்கு விநியோகிக்கக் கூடாது என்றார். மாறுவதற்கு முந்தைய நிரலை எடுத்து லிப்ரெஸ்பிரைட் என்று வேறு சிலர் தொடர்ந்தார்கள். கோடோவிலேயே எழுதப்பட்ட பிக்சலோரமாவும் இருக்கிறது. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் கடைசியில் கிடைப்பது ஒரே மாதிரி ஸ்பிரைட் ஷீட். அதனால் இங்கே சித்தாந்தச் சண்டை வீண். விலை கொடுத்து ஏஸ்பிரைட் வாங்கினாலும் கொள்கைக் குற்றம் ஒன்றும் இல்லை. கையால் வரைபவருக்குக் கிரிட்டா. 2015-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அடுத்த ஆண்டு அதில் அசைவூட்டத்தைச் சேர்த்தார்கள். தூரிகை அருமை. நீளமான காட்சிக்கு நினைவகம் தாங்காது, நடை, ஓட்டம், வெட்டு போன்ற குட்டி அசைவுகளுக்குக் கச்சிதம்.

சிக்கல் தொடங்குவது அசைவூட்டத்தில். இரண்டு வழி உண்டு: ஒவ்வொரு பிரேமையும் வரைவது ஒன்று, கை, கால், தலையைத் தனித்தனியாக வெட்டி எலும்புக்கூட்டில் கோத்து ஆட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் வேலை குறைவு, ஆகவே புதியவர்கள் அதன் பக்கம்தான் சாய்கிறார்கள். ஆனால் வரைந்த பிரேம்கள் எங்கும் பயணம் போகும், எலும்புக்கூடு போகாது. அந்த எலும்புக்கூட்டு அமைப்பு, அதாவது ரிக், எந்தக் கருவியில் கட்டப்பட்டதோ அங்கேதான் அதற்கு உயிர். டிராகன்போன்ஸ் என்ற சீன மென்பொருள் சில ஆண்டுகள் இலவச ரிக் கருவிகளில் முன்னணியில் இருந்தது. ஆசிரியர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள். தொகுப்பியின் வளர்ச்சி பல ஆண்டுகளாக நின்றுகிடக்கிறது. அதில் பாத்திரங்களைக் கோத்துவைத்தவர்கள் பழைய பதிப்பைப் பத்திரப்படுத்திக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். எனவே விளையாட்டுக்குள் ஓடும் எலும்பு அசைவு என்றால், எஞ்சினுக்குள்ளேயே இருக்கும் வசதியைப் பயன்படுத்துவது உத்தமம். கோடோவில் அது இருக்கிறது, தனிக் கருவிகளின் சொகுசு அதில் இல்லை என்றாலும்.

விளையாட்டுக்கு வெளியே, குறும்படமாக அசைவூட்டம் செய்பவருக்கு ஓப்பன்டூன்ஸ் இருக்கிறது. இத்தாலியில் பிறந்த டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ 1997-இல் வந்த ‘இளவரசி மோனோனோகே’ காலத்திலிருந்து பயன்படுத்தியது. 2016 மார்ச்சில் டுவாங்கோ நிறுவனம் அதை வாங்கித் திறந்த மூலமாக வெளியிட்டது. ஸ்டூடியோவின் வேலைமுறைக்காக வடிவமைக்கப்பட்ட கருவி என்பதால் முதல் நாளில் பயமுறுத்தும். அதே குடும்பத்தின் டஹோமா2டி கொஞ்சம் சிநேகமானது. பிளெண்டரின் கிரீஸ் பென்சில் இன்னொரு வழி: முப்பரிமாண வெளியிலேயே கோடு வரையலாம். ஜெரெமி கிளாபின் இயக்கி 2019-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதல் பரிசு பெற்று, ஆஸ்கர் பரிந்துரை வரை போன ‘ஐ லாஸ்ட் மை பாடி’ படத்தின் கோட்டோவியத் தோற்றம் இதன் கைவண்ணம். சின்ஃபிக்கும் நல்ல கருவிதான், பொறுமைசாலிகளுக்கு.

வேலை கிடைக்குமா என்பது பெற்றோர் எழுப்பும் ஆட்சேபம், அதைத் தள்ளிவிட முடியாது. நம் ஊரின் விளையாட்டு நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கேட்பது பெரும்பாலும் யூனிட்டி அல்லது அன்ரியல். சம்பளம்தான் குறிக்கோள் என்றால் யூனிட்டியைக் கற்பதே சரி; அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிறருடைய நிறுவனத்தில் பிறருடைய விளையாட்டைச் செய்யும்போது உரிமத்தின் அபாயமும் அவர்களுடையதே. நான் பேசுவது சொந்தமாக ஒன்றைச் செய்பவரைப் பற்றி. கன்சோல் சந்தை பற்றிய ஆட்சேபமும் பாதி உண்மை: பிளேஸ்டேஷன், நின்டெண்டோ போன்றவற்றின் உள்நிரல்கள் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை, அவற்றைத் திறந்த மூலத்தில் சேர்க்க முடியாது. அதனால் கோடோ விளையாட்டைக் கன்சோலுக்குக் கொண்டுபோகப் பணம் வாங்கிச் செய்துதரும் நிறுவனங்களை நாட வேண்டும். கோடோவை உருவாக்கியவர்களே 2022-இல் டபிள்யூ4 என்ற பெயரில் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். விளையாட்டு கணினியில் விற்ற பிறகு வரும் செலவு அது.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான ஆட்சேபம் வேறு: ‘அண்டர்டேல்’ கேம்மேக்கரில் செய்யப்பட்டது, ‘பலாட்ரோ’ லவ் என்ற எளிய தொகுப்பில் லுவா மொழியில் எழுதப்பட்டு 2025 ஜனவரிக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றது, விளையாட்டை முடிக்கிறவனுக்கு எந்தக் கருவியும் போதும், முடிக்காதவனுக்கு உரிம ஆராய்ச்சி ஒரு சாக்கு. இதில் பெரும்பங்கு உண்மை. லவ் முழுக்கத் திறந்த மூலம், அதனால் அது என் வாதத்துக்கே சாட்சி. கேம்மேக்கர் அப்படி இல்லை, ஆனாலும் 2023 நவம்பர் முதல் வணிக நோக்கமற்ற பயன்பாட்டை இலவசமாக்கி, விற்பவர்களிடம் மட்டும் நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஒருமுறைக் கட்டணம் என்று வைத்தது. சந்தாவைவிட இது நாணயமான பேரம். இருபது நாளில் முடியும் குட்டி விளையாட்டுக்கு அதைத் தாராளமாக எடுக்கலாம். இரண்டாண்டு வேலை என்று மனதில் பட்டால், அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

யோசிப்பதற்கும் மாதக்கணக்கு வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும். பாத்திரம் நடக்கும் எட்டு பிரேமைக் கிரிட்டாவிலோ பிக்சலோரமாவிலோ வரைந்து பிஎன்ஜி வரிசையாக வெளியேற்றுங்கள். அதை எஞ்சினில் போட்டு இடமும் வலமும் நடக்கவிடுங்கள். மேலே ஒரு வசனப்பெட்டி வைத்து, ‘கொக்கு மேலே போனது’ என்று எழுதி, கைபேசிக்கான கோப்பாக ஏற்றுமதி செய்து, வீட்டிலிருக்கும் மலிவான கைபேசியில் ஓட்டிப் பாருங்கள். பிறகு காட்சிக் கோப்பைச் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து, உள்ளே இருப்பது படித்துப் புரிகிறதா என்று பாருங்கள். கோடோவின் காட்சிக் கோப்பில், எந்தப் படம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது வரிவரியாக எழுதியிருக்கும்.